விரலால் நடந்த வீடுகள்

பாக்தாத், வஸீரிய்யா
மார்ச் மாதக் கடைசி வெள்ளி

என் கண்ணான இப்திஹாலுக்கு, பஹீஜா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீ சுகமாக இருக்க வேண்டும். உன் முதுகுவலி உன்னை விட்டுப் போயிருக்க வேண்டும்.

மற்ற நலம் விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு திருத்தம். என் கணவர் ஷவ்கத்தின் கட்டடங்களை வரைந்தவள் நான் அல்ல. ஒரு சுவரையோ ஒரு படிக்கட்டையோ நான் வரைந்ததில்லை. நான் வரைய வரைய அவர் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டார் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அந்தப் பேச்சு உன்னிடமிருந்து புறப்பட்டது. அதனால்தான் ஊராருக்குப் பதில் சொல்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வித்தாத் வீட்டில் நாங்கள் கூடுவது உனக்கு நினைவிருக்கும். எங்களில் சிலர் ஜோர்டானில் அம்மான் நகரத்துக்குப் போய்விட்டார்கள், சிலர் மண்ணுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் வித்தாத் நாற்காலிகளைக் குறைப்பதில்லை. முன்பு போட்ட அதே வட்டத்தில்தான் போடுகிறாள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே இரண்டு காலி நாற்காலிகள் இருப்பதால் எல்லோரும் சற்று உரக்கப் பேசுகிறோம். இந்த மாதம் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வித்தாத் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடி பஹீஜா, இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பேரீச்சம்பழக் கிலேச்சா பிஸ்கட் தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியா? நீதான் எஞ்சினியராமே” என்றாள். அவளுடைய தம்பி மகன் நீ அங்கே உன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையைத் தன் தொலைபேசியில் கண்டுபிடித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறான். ஒருத்தி, ஆண்கள் எல்லோரும் இப்படித்தான், செத்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வருகிறது என்றாள். இன்னொருத்தி என் நெற்றியில் முத்தமிட்டாள். நான் பள்ளியில் கணக்குப் பாடத்தில் எப்படித் தேறினேன் என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களும் எழுந்து நின்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

“சரி, அப்போ எங்க மாடி ஒழுகுறதுக்கும் நீதான் பதில் சொல்லணும்” என்றாள் வித்தாத். அவள் வீடு ஷவ்கத் கட்டியது. அந்த மாடி ஐம்பது வருடமாக ஒழுகுகிறது. எல்லோரும் சிரித்தார்கள். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வித்தாத் வீட்டில் நான் தேநீரை மிச்சம் வைத்தது அதுவே முதல் முறை. அவள் இன்னும் வருத்தமாக இருக்கிறாளாம்.

பிறகு அந்த உரை கட்டுரையாக வந்திருப்பதை முழுவதும் தாளில் அச்செடுத்து வரச் சொல்லி, பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உன் ஆங்கிலம் நன்றாக வந்திருக்கிறது. சில இடங்களில் காற்புள்ளி தவறு. அவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன், தனித்தாளில் அனுப்புகிறேன். ஆனால் காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் கட்டுரை தவறுதான்.

இங்கே மூன்று நாட்களாக மண் காற்று. நாரத்தை மரம் பூத்திருக்கிறது, பூவின் மேலெல்லாம் பழுப்புத் தூசி. ஆனாலும் வாசனை வருகிறது. மின்சாரம் பகலில் போகிறது, தெருமுனை ஜெனரேட்டர்காரன் தன் இஷ்டத்துக்குப் போடுகிறான். மின்சாரம் போன பிறகும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்பும் சற்று நேரம் ஒரு அமைதி உண்டு. விசிறி மெல்ல மெல்ல நிற்கும். குளிர்பதனப் பெட்டி ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அடங்கும். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருக்கும். எனக்கு இந்த நாட்களில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீ எதைப் பார்த்து ஏமாந்தாய் என்று எனக்குப் புரிகிறது. உன்னைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஷவ்கத்தின் வரைபடங்களை நான்தான் உன்னிடம் கொடுத்தனுப்பினேன். அவற்றில் சுவர்கள், வாசல்கள், சன்னல்கள் எல்லாம் கெட்டிப் பென்சிலால் ஊசிமுனைக் கோடுகள். அவற்றுக்கு நடுவே, வாசலில் நுழைந்து, அறைகளைச் சுற்றி, வளைந்து வளைந்து போகிற மங்கலான இன்னொரு கோடு. மெத்தென்ற பென்சில். சில இடங்களில் நின்றதுபோல ஒரு புள்ளி. சில இடங்களில் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கோடு தடைப்பட்ட இடங்களில், அடுத்த தாளில், சுவர் இடம் மாறியிருக்கிறது. அது இன்னொருவருடைய கை, முதல் கையைத் திருத்துகிற கை, அது மனைவியுடைய கையாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பாதி சரி. அந்தக் கோடு என்னால் வந்தது. ஆனால் அதைப் போட்டது அவர் கைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குத் திருமணமாகி முதல் குளிர்காலம். அவர் இங்கிலாந்தில் படித்து வந்து, பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். முதல் வேலையாக ஒரு நீதிபதிக்கு வீடு. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. பூகோளப் படம் போல இருந்தது. வாசல் எது என்று கேட்டேன். காட்டினார். நான் அங்கே என் விரலை வைத்து உள்ளே நடந்தேன். விருந்தாளி உட்காரும் அறைக்குப் போனேன், அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். எதிரே நேராக முற்றம், முற்றத்துக்கு அப்பால் குழாயடி. நீதிபதியைப் பார்க்க வருகிற யாரோ ஒருவர் காபி குடித்துக்கொண்டே நீதிபதியின் மனைவி தலை அலசுவதைப் பார்க்கலாம். அதைச் சொன்னேன். ஷவ்கத் சிரித்தார். இங்கிலாந்திலெல்லாம் வீடுகள் திறந்துதான் இருக்கும், வெளிச்சம் வர வேண்டும் என்றார். நான் விரலை வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்துவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “ஏன் வெளிய போயிட்ட?” என்று கேட்டார். இங்கே எனக்கு இருக்க முடியவில்லை என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெத்தென்ற பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு, “மறுபடி உள்ள வா, பஹீஜா. மெதுவா நட” என்றார். நான் நடந்தேன். என் விரலுக்குப் பின்னாலேயே அவர் பென்சில் வந்தது.

அன்று தொடங்கியது. அவர் வரைந்த ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், ஆஸ்பத்திரியிலும் என் விரல் நடந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். சுவர் வந்தால் அவரே சொல்வார், நான் திரும்புவேன். தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நட என்பார், என் விரல் தானாக மெதுவாகும். ஆகஸ்ட் மாதம், வெறுங்கால், நடு மதியம் என்பார். முற்றத்தின் ஓரமாக நிழலில் ஒதுங்கி நடப்பேன். நிழல் அங்கே இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார். சொல்லாமல் விருந்தாளி வந்துவிட்டார், நீ வீட்டுப் புடவையிலேயே இருக்கிறாய், உடுப்பு மாற்றாமல் அழுக்கோடு நிற்கிறாய் என்பார். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடுவேன். எங்கே சுவர் வர வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் எனக்குக் கால் சில்லிடுகிறது என்பேன், இங்கே யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்பேன். ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கு அவருக்குப் பல நாட்கள் ஆகும். சாப்பிடும்போதும் அதே யோசனை. வெண்டைக்காய்ப் பாமியாக் குழம்பில் உப்பில்லை என்றாலும் தெரியாது.

மேலே எழுதியதில் ஒரு சொல்லை இப்போது படித்துப் பார்த்து அடிக்க நினைத்தேன். புடவை நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கட்டியிருக்கிறேன், பள்ளியில் நாடகத்துக்காக. அந்தப் பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீ மதர் செலஸ்தீன் அடித்தல் திருத்தல் உள்ள தாளை வாங்க மாட்டார். அதனால் விட்டுவிடுகிறேன். வீட்டு உடை என்று படித்துக்கொள்.

வகுப்பில் அவர் என்ன செய்தார் என்பது அவரிடம் படித்த உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசி நாள் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வர வேண்டும். தாய், பாட்டி, அக்கா, யாராக இருந்தாலும் சரி. அவள் வரைபடத்தில் விரல் வைத்து நடப்பாள். அவள் நடந்து முடித்த பிறகுதான் பேராசிரியர்கள் வாய் திறக்கலாம். மற்ற பேராசிரியர்கள் கேலி செய்தார்கள். “ஷவ்கத் வகுப்புல பாஸாகணுமா, திராட்சை இலையில நல்லா தோல்மா சுருட்டுற அம்மா வேணும்” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அவர் விடவில்லை. கறுப்பு அபாயா அணிந்த தாய்மார்கள் வரைபடக் கூடத்தின் உயரமான ஸ்டூல்களில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். முதலில் வெட்கப்படுவார்கள். விரலை வைத்த பிறகு அவர்களை நிறுத்த முடியாது.

நீ வந்த வருடம் உனக்கு யாரும் இல்லை. உன் அம்மா அந்த வசந்தத்தில்தான் போயிருந்தார். ஷவ்கத் வீட்டுக்கு வந்து, ஒரு பெண்ணுக்காக நடக்க வேண்டும், வருகிறாயா என்றார். நான் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். உன் வீடு மிக அழகாக இருந்தது. எல்லாப் பக்கமும் வெளிச்சம். எல்லா அறைகளிலிருந்தும் எல்லா அறைகளும் தெரிந்தன. நான் வாசலில் நுழைந்து, முற்றத்தைச் சுற்றி, மாடிக்குப் போய், இறங்கி வந்து, மறுபடி சுற்றினேன். கூடமே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஏன், காலா, நிக்க மாட்டேங்கிறீங்க?” என்று சித்தியிடம் கேட்பதுபோல நீ கேட்டாய். இந்த வீட்டில் அழுவதற்கு எங்கே போவது என்று நான் கேட்டேன்.

கொடுமையாகப் பேசிவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஷவ்கத்தும் சொன்னார். நான் கொடுமையாகப் பேசவில்லை. என் விரலுக்கு நிற்க இடமில்லை, அதைச் சொன்னேன். அந்த வீட்டைத் திரும்ப வரைய நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்போது கடைகளில் தாளே கிடையாது. நாட்டுக்குள் பென்சில் வருவதற்கே தடை இருந்த காலம். அவருடைய பழைய வரைபடங்களின் பின்பக்கத்தில் வரைந்தாய். பரணில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டோம். படிப்பு முடியும் வரை அங்கேயே இருந்துவிட்டாய். உன்னால் அரிசி வாசனையைத் தாங்க முடியவில்லை என்று பல வருடங்கள் கழித்துச் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இப்போது அவருடைய கட்டடங்களைப் பற்றி. நீதிபதியின் வீட்டை யாரோ அலுவலகமாக்கிவிட்டார்கள். அதன் முன் கான்கிரீட் தடுப்புச் சுவர் நிற்கிறது, என் விரல் வெளியே போன பிறகு அவர் வளைத்து வரைந்த அந்த வாசலை யாரும் பார்க்க முடியாது. ஆற்றங்கரைச் சினிமா எரிந்துவிட்டது. மோஸூலில் கட்டிய பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நூலகம் மட்டும் நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கே அவர் பெயரில் ஒரு சின்னக் கூட்டம் நடத்தினார்கள், என்னையும் அழைத்தார்கள்.

அந்த நூலகத்தின் படிக்கட்டைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். படி திரும்புகிற இடத்தில், சுவருக்குள் குடைந்தாற்போல ஒரு செங்கல் இருக்கை. இரண்டாவது கையின் மிக நுட்பமான தலையீடு என்று சொல்கிறாய். கேள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வரைபடம் மேசையில் இருந்தது. அவர், “இப்ப உனக்கு எம்பது வயசு. முழங்கால் வலி. நான் கூட இல்ல. தனியா ஏறு” என்றார். நான் சிரித்துக்கொண்டே விரலை இழுத்து இழுத்து ஏறினேன். கிழவிகள் எப்படி ஏறுவார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? படி திரும்புகிற இடத்தில் நின்று, பெருமூச்சு விட்டுக் காட்டினேன். அவர் அங்கே புள்ளி வைத்தார். பிறகு அங்கே இருக்கை வந்தது.

இந்தக் குளிர்காலத்தில் நான் உண்மையாகவே எண்பது வயதும் முழங்கால் வலியுமாக அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் தனியாக நின்றேன். அப்போதுதான் தெரிந்தது. கிழவிகள் நடுவில் களைப்பதில்லை. ஏறுவதற்கு முன்னாலேயே, கீழே நின்று மேலே பார்க்கும்போதே களைத்துவிடுகிறார்கள். இருக்கை கீழேதான் இருந்திருக்க வேண்டும். காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு ஏறினேன். திருப்பத்தில் அந்தச் செங்கல் இருக்கை வந்தபோது எனக்கு உட்காரத் தேவையே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். செங்கல் வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருந்தது. மேலே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், நான் இங்கே வருவேன் என்று ஒருவர் எப்போதோ இடம் போட்டு வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. கூட்டத்தை நடத்திய கல்லூரி முதல்வர் நல்ல மனிதர், பயந்துவிடுவார்.

ஆகவே அந்த இருக்கையில் இருக்கும் பிழை என்னுடையது. அதை வேண்டுமானால் என் பெயரில் எழுதிக்கொள்.

மின்சாரம் போகிற நேரத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. அந்த அமைதியில் நான் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் விரலை வைத்துக்கொண்டு, நடக்கப் போய்விடுகிறேன். கட்டிய வீடுகளுக்குப் போவதில்லை. அவற்றில் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள். கட்டாத வீட்டுக்குப் போகிறேன். எங்களுக்கென்று அவர் ஒரு வீடு வரைந்துகொண்டே இருந்தார், உனக்குத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வரைவார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வந்தது: ஒரு போர், ஒரு தடை, இன்னொரு போர். கடைசிவரை இந்த வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். அந்த வீட்டைக் கட்டாததால் அதை யாராலும் இடிக்க முடியவில்லை. வாசல் வளைந்து உள்ளே போகிறது. திருப்பத்தில் இருட்டு, கால் வைத்த இடம் குளிர்ச்சி. இருட்டு முடிகிற இடத்தில் நாரத்தை மரத்தின் வெளிச்சம். கீழே கூஜாவில் தண்ணீர் சொட்டும் சத்தம். கூடத்துக்குப் பின்னால் அவர் மேசை இருக்கிறது. பென்சில் தாளில் உரசுவது கேட்கிறது. நான் உள்ளே போய்ப் பேசுவதில்லை. வேலை செய்யும்போது பேசினால் அவருக்குப் பிடிக்காது. போகிற வழியில் கேட்டுக்கொண்டே போகிறேன். பிறகு ஜெனரேட்டர் உறுமுகிறது, விசிறி சுற்றுகிறது, நான் சோபாவில் இருக்கிறேன்.

இப்திஹால், உன் புத்தகம் கோடைக்கு முன் அச்சுக்குப் போகிறது என்று தெரியும். இந்தக் கட்டுரைதான் அதில் ஓர் அத்தியாயம்; அதற்காகத்தான் உன்னை அங்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், உன் வேலை நிரந்தரமாவதும் அதை வைத்துத்தான் என்று நீயே தொலைபேசியில் சொன்னாய். மறைக்கப்பட்ட மனைவி, திருடிய கணவன் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிடு என்று கேட்கிறேன். நான் கேட்பது சின்ன விஷயமல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ என் மீதுள்ள அன்பால் எழுதினாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பார். நான் நடந்தேன் என்பது உனக்கு ஏன் போதவில்லை? பென்சில் பிடித்தவர்தான் ஏதோ செய்தவர் என்று நீயும் அவர்களைப் போலவே நினைக்கிறாய். அதனால்தான் என் கையில் ஒரு பென்சிலைத் திணிக்கப் பார்க்கிறாய். அந்தக் கூடத்தில் நடந்த தாய்மார்களில் ஒருத்தியும் வரையவில்லை. அவர்களையெல்லாம் என்ன செய்வாய்? எல்லோரையும் எஞ்சினியர் ஆக்குவாயா? மதர் செலஸ்தீன் ஒரு முறை என் ஆங்கில விடைத்தாளில் கூட்டல் பிசகி எனக்கு அதிக மதிப்பெண் போட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தேன். அதனால் முதலிடம் போனது. வீட்டில் அம்மா திட்டினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எண்பது வயதில் ஒரு மனிதரின் வாழ்நாளையே எனக்கு அதிக மதிப்பெண்ணாகப் போடுகிறாய். அவர் மறுத்துப் பேச இங்கே இல்லை. நான் இருக்கிறேன்.

அத்தியாயத்தை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும் என்று பயப்படாதே. இந்தக் கடிதத்தில் உள்ளதை எழுது. விரலை எழுது. பின்னால் வந்த பென்சிலை எழுது. கால் எட்டாத ஸ்டூல்களில் உட்கார்ந்த பெண்களை எழுது. அதற்காக உனக்கு வேலை கொடுக்காதவர்கள் கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாதவர்கள். இதையும் எழுதலாம், ஆனால் முன்னுரையில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ கட்டுரையில் தவறவிட்ட ஒரு கோடு இருக்கிறது.

எங்களுக்கென்று அவர் வரைந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் கிழக்கே ஒரு சின்ன அறை வரும். எதற்கு என்று அவர் எழுத மாட்டார். நானும் கேட்க மாட்டேன். என் விரல் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். பென்சிலும் பின்னாலேயே தாண்டி வந்துவிடும். முப்பது வருடத் தாள்களிலும் அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பார். முதல் சில வருடங்கள் டாக்டர்களிடம் போனோம். பிறகு போகவில்லை. அவ்வளவுதான்.

நீ எங்களோடு இருந்த இரண்டாவது வசந்தத்தில் அவர் மறுபடி வரைந்தார். உன் தேர்வுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில்தான் வரைந்தார். நீ கீழே, குழாய் எட்டாமல் ஒரு பலகை மேல் ஏறி நின்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய், ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய், சுருதி சேரவில்லை. நான் விரலை வைத்து நடந்தேன். அந்தச் சின்ன அறை வந்தது. நான் உள்ளே போனேன். அவர் பென்சில் வாசலிலேயே நின்றுவிட்டது. நான் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “சன்னல் ரொம்ப உயரம். அவ குள்ளம். படுத்தா மரம் தெரியாது” என்றேன்.

அவர் அழிப்பானை எடுத்து அந்தச் சன்னலை அழித்தார். தூசியைப் புறங்கையால் தட்டினார். பிறகு கீழே இறக்கி வரைந்தார். இது போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

இங்கே இது வர வேண்டும் என்று நான் சொல்லி அவர் வரைந்தது வாழ்நாளிலேயே அந்த ஒரு கோடுதான். நீ அந்தத் தாளைப் பார்த்திருக்கிறாய். உன் கட்டுரையின் கடைசியில் அந்த அறையைச் சாமான் அறை என்று எழுதியிருக்கிறாய். அந்தத் திருத்தத்தை மட்டும் காற்புள்ளிகளோடு சேர்த்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை வித்தாதின் தம்பி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த வாரம் உன் ஊர்ப்பக்கம் வருகிறான். கிலேச்சாவும் உலர்ந்த எலுமிச்சையும் வைத்திருக்கிறேன். கிலேச்சா வித்தாத் சுட்டது, கொஞ்சம் கருகியிருக்கும். அவளுக்கு என் மேல் இன்னும் கோபம். நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே. குளிருக்கு உள்ளே கம்பளி போட்டுக்கொள். உனக்கு வாய்க்கிற வீடுகளிலெல்லாம் இறைவன் நல்ல வெளிச்சத்தையும், தேவைப்படும்போது ஒரு மறைவான மூலையையும் தரட்டும்.

அத்தியாயத்தை எடுக்கிறாயா இல்லையா என்று பதில் எழுது. தொலைபேசியில் குரல் பதிவு செய்து அனுப்பாதே, நான் கேட்க மாட்டேன். தாளில், மையால், உன் கையெழுத்தில் எழுது. இப்போது நீ படுக்கிற இடத்திலிருந்து சன்னல் வழியாக என்ன தெரிகிறது என்றும் எழுது.

பஹீஜா